இரவு தங்காத ஊர்

(செகந்திராபாத் மாரெட்பள்ளியில் தமிழ் அன்பர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



பிடித்த சிற்றூர் ஒன்றுக்கு நெடுநாள் கழித்துத் திரும்பிப் போவது பற்றிப் பேசச் சொன்னார்கள். கும்பகோணம், கொடைக்கானல் என்று ஆரம்பிப்பேன் என நினைத்து வந்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. நம் ஜூபிலி பஸ் நிலையத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடக்கூடிய ஊர்தான். யாதகிரிகுட்டா. இந்த மண்டபத்தில் அங்கே போகாதவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஆகவே நான் சொல்வதைச் சரிபார்க்கும் வசதி உங்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த அச்சத்தோடுதான் பேசுகிறேன்.

செகந்திராபாத் தமிழர்களுக்கும் யாதகிரிகுட்டாவுக்கும் இருக்கிற உறவு கொஞ்சம் தனியானது. 1806இல் செகந்திராபாத் கன்டோன்மென்டாக உருவான பிறகு, சென்னைப் படையோடும், அந்தப் படைக்குச் சாமான் சப்ளை செய்த முதலியார்களோடும், பின்னால் ரயில்வேயோடும் வந்து சேர்ந்தவர்கள் நம் முன்னோர்கள். குலதெய்வம் வேலூர்ப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை போய்வருவதே பெரும்பாடு. திருப்பதிக்கு ஒரு ராத்திரி ரயில். ஆனால் குழந்தைக்கு மொட்டை, புது வண்டிக்குப் பூஜை, பரீட்சைக்கு வேண்டுதல், டாக்டர் கைவிட்ட வயிற்றுவலி, இதற்கெல்லாம் கிட்டத்தில் ஒரு சாமி வேண்டாமா? பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகன் இருக்கிறார், அவர் நம்மவர். யாதகிரிகுட்டா நரசிம்மர் தெலுங்கர். இருந்தாலும் மார்கழி பிறந்தால் அவர் சந்நிதியிலும் திருப்பாவைதான். ஆண்டாளின் தமிழைத் தெலுங்கு எழுத்தில் படித்துப் பழகியவர்கள் சொல்லும்போது ழகரம் வேறு ஏதோ ஒன்றாகி வரும். கேட்க நன்றாகவே இருக்கும்.

மலை ஒன்றும் பெரிய மலை அல்ல. குகைக்குள் சுயம்புவாக நரசிம்மர். ஜ்வாலா, கண்டபேருண்டர், யோகானந்தர், உக்கிரர், லட்சுமி நரசிம்மர் என்று ஐந்து வடிவங்கள் சொல்வார்கள். யாத மகரிஷி தவம் செய்த இடம், அனுமன் க்ஷேத்திரபாலகர் என்பது தலபுராணம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. இந்த ஊரை மற்ற யாத்திரைத் தலங்களிலிருந்து பிரித்துக் காட்டியது வேறு ஒன்று. இங்கே ஜனங்கள் தங்கினார்கள். வைத்திய நரசிம்மர் என்றே அவருக்குப் பெயர். உடம்புக்கு முடியாதவர்கள் ஒரு மண்டலம், அதாவது நாற்பது நாள், அங்கேயே கிடப்பார்கள். விடியற்காலையில் கோயில் குளத்தில் குளியல், ஈரத்துணியோடு பிரதட்சிணம், தரிசனம், மிச்ச நேரம் சத்திரத்துத் திண்ணை. மனநிலை சரியில்லாதவர்களையும் அழைத்து வந்து வைத்திருப்பார்கள். நாற்பது நாளுக்கு வழியில்லாதவர்கள் ஒரு ராத்திரியாவது மலைமேல் படுத்து எழுந்து போவார்கள். தரிசனம் எவ்வளவு முக்கியமோ அந்தத் தூக்கமும் அவ்வளவு முக்கியம்.

நாற்பது நாள் தங்குகிறவருக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓர் அறை, இல்லாவிட்டால் ஒரு திண்ணை. மண்ணெண்ணெய் ஸ்டவ், நாலு பாத்திரம், பாய், போர்வை. தினம் பால், கீரை, அரை கிலோ அரிசி. துணி வெளுக்க ஆள். ஊருக்குப் போன் பேச ஒரு கடை. பணம் தீர்ந்துபோனால் கைமாற்றுத் தர ஒரு தெரிந்த முகம். பதினைந்தாம் நாள் வாக்கில் பால்காரம்மா பாலை ஊற்றிவிட்டு, “நொப்பி தக்கிந்தா அம்மா?” என்று கேட்பாள். வலி குறைந்ததா என்று கேட்க ஓர் ஆள் இருப்பதே பாதி வைத்தியம் என்று என் பாட்டி சொல்வாள். அவள் அங்கே மண்டலம் இருந்தவள்.

அந்தப் பழைய ஊரை நான் அலங்கரித்துச் சொல்ல வரவில்லை. சாக்கடை தெருவில் ஓடியது. கழிப்பறை என்று ஒன்று இருந்தால் அதற்குள் போக முடியாது. கூட்ட நாட்களில் குகை வாசலில் மூச்சு முட்டும். குரங்கு தேங்காயைப் பிடுங்கும், இடைத்தரகர் மிச்சத்தைப் பிடுங்குவார். வயதானவர்களைப் படியில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பெண்கள் ஈரப் புடவையை மாற்ற ஒரு மறைவான இடம் கிடையாது. ‘அந்தக் காலத்துக் குட்டா போலாகுமா’ என்று இன்று பெருமூச்சு விடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பக்கத்திலேயே சுரேந்திரபுரி வந்தது. சிமெண்டிலும் வண்ணத்திலும் புராணக் காட்சிகள், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வாரங்கல் நெடுஞ்சாலை நாலு வழிச் சாலையானது. கோயிலுக்குப் போகிறோம் என்பது போய், ‘ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு, குட்டா பார்த்துவிட்டு சுரேந்திரபுரி, வழியில் டிபன்’ என்று பேச்சு மாறத் தொடங்கியது அப்போதுதான்.

2014இல் தெலங்கானா பிறந்தது. புது மாநிலத்துக்குத் திருமலைபோல் ஒரு தலம் வேண்டும் என்று அன்றைய முதல்வர் கே. சந்திரசேகர ராவ் விரும்பினார். திருமலை ஆந்திரத்தின் பக்கம் போய்விட்டதல்லவா? 2015இல் இதற்கென்றே ஒரு வளர்ச்சி ஆணையம் அமைத்தார்கள். 2016இல் பாலாலயத்தில் வழிபாட்டை வைத்துக்கொண்டு வேலை தொடங்கியது. 2022 மார்ச் 28 அன்று மகா கும்ப சம்ப்ரோக்ஷணம். ஆறு ஆண்டு. சுமார் 1,200 கோடி ரூபாய். வடிவமைத்தவர் ஆனந்த் சாய்; சினிமா கலை இயக்குநர். ‘செட்டு போட்டுவிட்டார்கள்’ என்று கேலி பேசினவர்கள் உண்டு. நேரில் போய்ப் பார்த்தவர்கள் அந்தக் கேலியைத் தொடர முடியவில்லை. பிரகாசம் மாவட்டத்துக் கறுப்புக் கல், சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புக் கலவை. நம் தமிழ்நாட்டுக் கோபுரங்களில் அடித்தளம் கல், மேலே செங்கல்லும் சுதையும். இங்கே ஏழு நிலையும் கல்லே. உள்ளே தூண்களில் பன்னிரண்டு ஆழ்வார்கள். குகையில் இருந்த மூர்த்திகளை அசைக்கவில்லை. அந்த வேலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அந்தக் கல்லைச் செதுக்கியவர்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் யாதகிரிகுட்டாவில் மிக நீண்ட நாள் தங்கிய வெளியூர்க்காரர்கள் அவர்கள்தான். மண்டலம் இருப்பவர்கள் குறைந்துபோன காலத்தில் அரிசியும் கீரையும் வாங்கியவர்கள் அவர்கள். வேலை முடிந்தது, உளியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நடுவில் நடந்த வேடிக்கைகளும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2019 செப்டம்பரில் கல்தூண்களில் முதல்வரின் உருவமும் கட்சியின் கார் சின்னமும் இருப்பது தெரிந்து கூச்சல் எழுந்தது. பிறகு செதுக்கி எடுத்தார்கள். கோயில் திறந்த ஒரு மாதத்தில், மலைமேல் கார் கொண்டுபோக 500 ரூபாய், அதற்குமேல் மணிக்கு 100 ரூபாய் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் மணிக்கணக்கை மட்டும் எடுத்தார்கள். அதே மாதத்தில் ஒரு மழைக்குப் புதுச் சாலை அரித்துப் போனது. பெயரும் யாதாத்ரி ஆயிற்று, மாவட்டத்தின் பெயரிலும் அதைச் சேர்த்தார்கள். 2024 நவம்பரில் முதல்வர் ரேவந்த் ரெட்டி மீண்டும் யாதகிரிகுட்டா என்றே வழங்க வேண்டும் என்று அறிவித்தார். 2025 பிப்ரவரியில் விமானத்துக்குப் பொன் வேய்ந்தார்கள். செய்தித்தாள்கள் இவற்றைத்தான் எழுதின. ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டது வேறு.

கோயில் முடிந்த பிறகு நான் போனபோது முதலில் கண்ணில் பட்டது மலைமேல் இருந்த வெறுமை. கோயிலைச் சுற்றி விசாலமான மாட வீதிகள், தேர் ஓடும் அகலம். கல் பதித்து, துடைத்துவிட்டாற்போல் சுத்தம். அந்த மாட வீதிகளில் ஒரு வீடு கிடையாது. ஒரு கடை கிடையாது. ஒரு திண்ணை கிடையாது. முன்பு மேலே இருந்த சத்திரங்கள், அறைகள், கடைகள் எல்லாம் இறங்கிவிட்டன. விரத மண்டபமும் முடி காணிக்கை கொடுக்கும் இடமும் அடிவாரத்துக்கு வந்துவிட்டன. தேங்காய்க் கடையும் பொம்மைக் கடையும் மட்டுமல்ல, இரவே இறங்கிவிட்டது. மலைமேல் யாரும் தூங்கவில்லை.

ஸ்ரீரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு திருச்சுற்று. வெளிச் சுற்றுகளில் வீடுகள், காய்கறிக் கடை, மாட்டுக் கொட்டில், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். பெருமாள் புறப்பாடு என்றால் வாசலில் கோலம் போட்டு நிற்க ஆள் இருக்கிறது. சாமி தெருவில் வருவதே தெருவில் குடியிருப்பவர்களைப் பார்க்கத்தானே? யாதகிரிகுட்டாவில் ஆகமப்படி வீதி அமைத்தார்கள், குறை சொல்ல முடியாது. வீதியில் குடியிருப்போர் பற்றி எந்தத் துறையின் கோப்பும் பேசவில்லை. திருமலையிலும் இதுவே நடந்தது. கோயிலைச் சுற்றி இருந்த பழைய வீடுகளையும் கடைகளையும் எடுத்து, அங்கே வாழ்ந்தவர்களை வேறு இடத்தில் குடியமர்த்தினார்கள். 2003இல் ஆயிரங்கால் மண்டபத்தையும் இடித்தார்கள். கூட்டத்தை நகர்த்த வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணமே. ஆனால் கூட்டத்தை நகர்த்துவதற்காக ஓர் இடத்தை அமைத்தால், அது நகர்வதற்கான இடமாகத்தான் இருக்கும்.

கீழூரில் சாலையை அகலப்படுத்தினார்கள். கடைகளும் வீடுகளும் முன்பக்கம் போயின, சிலருக்கு முழுதும் போயிற்று. கோயில் திறந்தபின் ஆட்டோக்கள் மலையேறக் கூடாது என்று உத்தரவு. அதற்குப் பதில் கோயில் செலவில் இலவச பஸ். பக்தனுக்கு நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டோக்காரர் ஒருவரிடம் நானும் கேட்டேன். அவர் சொன்னார்: “சார், பஸ் ஃப்ரீ, நல்லதே. ஆனால் முன்பு ஆட்டோவில் ஏறுகிறவரிடம் ‘ரூம் வேணுமா, சாப்பாடு எங்கே, நாளைக்கு அபிஷேகம் எத்தனை மணிக்கு’ என்று பேச்சுக் கொடுப்போம். அதில்தான் லாட்ஜுக்காரனும் ஓட்டல்காரனும் பிழைத்தான். பஸ் யாரிடமும் பேசாது.” இரண்டு வருஷம் போராடினார்கள். 2024 பிப்ரவரியில், ஆட்சி மாறிய பிறகு, ஆட்டோக்களை மீண்டும் மேலே விட்டார்கள்.

அந்த ஆட்டோக்காரர் சொன்னதற்குள் இந்தச் சொற்பொழிவு முழுவதும் இருக்கிறது. சுற்றுலா ஓர் ஊரைக் கெடுக்கிறது, வளர்க்கிறது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறோம். இருவரும் எண்ணுவது தலையை. இத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று அமைச்சர் பெருமைப்படுகிறார். இத்தனை லட்சம் பேர் வந்துவிட்டார்களே என்று நாம் அங்கலாய்க்கிறோம். எண்ண வேண்டியது தலையை அல்ல, இரவை. நாற்பது நாள் ஒருவர் தங்குவதும், நாற்பது பேர் ஒரு நாள் வந்துபோவதும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், ஊருக்கு ஒன்றல்ல. மூன்று மணி நேரம் இருப்பவருக்கு வேண்டியது பார்க்கிங், கழிப்பறை, லட்டு கவுன்டர். அந்த மூன்றையும் கொடுப்பது ஆணையமும் கான்ட்ராக்டரும். பால்காரம்மாவுக்கு அதில் வேலை இல்லை.

தங்க இடமே கட்டவில்லையா என்றால், கட்டினார்கள். தனிக் குன்றின்மேல் பிரசிடென்ஷியல் சூட் கட்டினார்கள். பெரிய மனிதர்களுக்கான காட்டேஜ்கள் கட்டினார்கள். நாட்டின் குடியரசுத் தலைவர் மண்டலம் இருக்க வரப்போவதில்லை. அது வேறு விஷயம்.

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. வெனிஸின் பழைய தீவு நகரத்தில் இப்போது 50,000 பேருக்கும் குறைவாகத்தான் குடியிருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 25 முதல் கூட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள். யாரிடம்? பகலில் வந்து பகலில் போகிறவரிடம் மட்டும். ஓர் இரவு தங்கினால் அந்தக் கட்டணம் கிடையாது. அவர்கள் சரியான இடத்தில் விரலை வைத்தார்கள். நம் பக்கத்தில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். அடுத்த ஆண்டு, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. மலை தாங்காது என்பதால் வண்டியை எண்ணுகிறார்கள். அங்கே அது சரி. வந்தவர் தங்கினாரா என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அப்படியானால் யாதகிரிகுட்டாவிலும் வெனிஸ் மாதிரி வரி போடலாமா? கூடாது என்பது என் கட்சி. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு ஆர்.டி.சி. ஆர்டினரி, எக்ஸ்பிரஸ் பஸ்களில் இலவசப் பயணம். அதற்குப் பிறகு குட்டா பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிறவர்கள், பூ விற்கிறவர்கள், மருமகளும் மாமியாரும், நாலு பேர் ஐந்து பேராக, டிபன் பாக்ஸோடு. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணவன் கையை எதிர்பார்க்காமல் ஒரு நாள் வெளியே கிளம்பியவர்கள் அவர்களில் உண்டு. காலையில் போய், சாயங்காலம் அடுப்பு மூட்டத் திரும்பிவிட வேண்டும். அவர்கள் தங்கவில்லை என்று தண்டம் போட்டால் அதைவிட அநியாயம் இல்லை. பகல் யாத்திரை எல்லாம் காரில் வருகிறவர் சொகுசு என்று நினைக்கக் கூடாது. நான் கேட்பது, தங்க விரும்புகிற எளியவருக்கு இடம் வேண்டும் என்பதுதான். மலைமேல் ஒரு கூடம், பாய், தண்ணீர், கழிப்பறை, பெண்களுக்குத் தனியே ஒன்று. மேலே படுத்துறங்கும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஊர்க்காரர்களும் கேட்டார்கள். 1,200 கோடியில் அது எத்தனையாவது வரி?

கட்கேசரிலிருந்து ராய்கிர் வரை 33 கிலோமீட்டருக்கு எம்.எம்.டி.எஸ். புறநகர் ரயில் வரும் என்று 2016 முதல் பேச்சு. வந்தால் நமக்கு இன்னும் சுலபம். சீதாபல்மண்டியில் ஏறி, தரிசனம் முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. ஊர் இன்னும் ஒரு மணி நேரம் சுருங்கும். ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து மலை வரை ஆறு கிலோமீட்டர் இருக்கிறது, ஆட்டோக்காரர்கள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். போங்கிர் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் வயலில் வெள்ளைக் கல் நட்டு, வளைவு கட்டி, ‘கோயில் நகரத்துக்கு மிக அருகில்’ என்று பலகை. அந்த மனைகளை வாங்கியவர்கள் யார்? யாதகிரிகுட்டாக்காரர்கள் அல்ல. உப்பலும் மல்காஜ்கிரியும் மாரெட்பள்ளியும்தான். இந்த மண்டபத்திலும் வாங்கியவர்கள் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம். மேற்கு மாரெட்பள்ளியில் தோட்டமும் கிணறுமாக இருந்த பழைய பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டி, அதில் வந்த பணத்தில் குட்டா அருகே மனை வாங்கி, அங்கே போய் ‘ஊர் மாறிவிட்டதே’ என்று வருத்தப்படுகிற ஆற்றல் நமக்கு மட்டுமே உண்டு. அந்த மனைகளில் யாராவது வீடு கட்டிக் குடியேறினாலாவது பால் வாங்குவார்கள். பெரும்பாலானவற்றில் முள் வளர்ந்து கிடக்கிறது. விலை ஏறுவதற்காகக் காத்திருக்கும் நிலத்தில் யாரும் தூங்குவதில்லை.

ஊரில் இருக்கும் இளைஞர்களைக் கேட்டால் வேறு மாதிரி பேசுகிறார்கள். அகலச் சாலை பிடித்திருக்கிறது. தெருவிளக்கு பிடித்திருக்கிறது. பீபிநகரில் எய்ம்ஸ் வந்தது பிடித்திருக்கிறது. வயிற்றுவலிக்கு மண்டலம் இருக்காமல் பஸ் ஏறிப் போய் டாக்டரைப் பார்க்கிறார்கள். சரிதானே? மண்டலம் குறைந்ததற்குக் கோயில் கட்டுமானம் மட்டும் காரணம் அல்ல. ஸ்கேன் சென்டரும் காரணம், நாற்பது நாள் லீவு தராத வேலைகளும் காரணம். வெறும் பழைய ஏக்கத்தை வைத்துக்கொண்டு அவர்களிடம் போய் நின்றால் சிரிப்பார்கள். அவர்கள் கேட்பது இதுதான்: வருகிற கூட்டத்தில் எங்களுக்கு என்ன பங்கு? ராய்கிர்ப் பக்கத்து விவசாயிகள் ஐதராபாதைச் சுற்றிப் போடும் வட்டச் சாலைக்கு நிலம் போகிறது என்று போராடியபோதும் கேள்வி அதுவே.

கடைசியாக, போவதாக இருப்பவர்களுக்குச் சில விவரம். ஞாயிறு வேண்டாம். தெலுங்கர்களின் கார்த்திக மாதம் வேண்டவே வேண்டாம். சத்யநாராயண விரதக் கூட்டம் அப்போதுதான். நரசிம்மருக்குச் சுவாதி நட்சத்திரம். அன்று கிரிவலம் உண்டு, நடக்க முடிந்தவர்கள் போகலாம். மற்றவர்கள் ஒரு செவ்வாயோ புதனோ மத்தியானத்துக்கு மேல் கிளம்புங்கள். கீழூரில் பழைய லாட்ஜுகள் இன்னும் சில இருக்கின்றன, விளம்பரப் பலகையைப் பார்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்து அறை எடுங்கள். வாடகையில் பேரம் பேசலாம், ரொம்பப் பேசாதீர்கள். ராத்திரிச் சாப்பாடு ஊரில் சாப்பிடுங்கள். விடியற்காலையில் மேலே போக ஆட்டோ பிடியுங்கள், பஸ் இலவசமாக நின்றாலும். வழியில் ஆட்டோக்காரர் பேச்சுக் கொடுப்பார். தெலுங்கு சரளமாக வராதவர்களும் தயங்க வேண்டாம், அவருக்குத் தமிழ் சினிமா தெரியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மனை விலை நிலவரம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு இந்த மண்டபத்திலேயே விவரமானவர்கள் இருக்கிறார்கள்.